டீசல் பங்கிலேயே கட்டிவிட்டுத்தான் வருகிறோமுங்க

நடுவர் ஐயா அவர்களே, எதிரணிச் சொந்தங்களே, பெருந்துறை மக்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க. புது விரைவுச்சாலைக்கு ஆகும் பணத்தை டோலில் வாங்குவதா, எல்லாரிடமும் வரியில் வாங்குவதா என்பதுதான் இன்றைய தலைப்பு. வரியில்தான் என்று பேச வந்திருக்கிறேனுங்க.

எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி, "புது விரைவுச்சாலையில் போகிறவன் டோல் கட்டட்டும், டவுன் பஸ்ஸில் போகிற அப்பத்தா எதுக்கு வரி கட்டணும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். நானும்தான் தட்டினேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அப்பத்தா முட்டை வாங்குவார்கள் இல்லையா? நாமக்கல்லில் ஏற்றிய முட்டை நம்ம பெருந்துறை வழியாகக் கோயம்புத்தூர் போனால் விஜயமங்கலத்தில் ஒருதரம், கணியூரில் ஒருதரம் டோல் கட்டணும். லாரிக்காரர் அதைக் கைக்காசிலா கட்டுவார்? வாடகையில் சேர்ப்பார், வாடகையை மொத்த வியாபாரி விலையில் சேர்ப்பார், கடைசியில் அது அப்பத்தாவின் சுருக்குப்பையில்தான் வந்து நிற்கும். பைக்குக்கு டோல் கிடையாது, டிராக்டருக்குக் கிடையாது என்று அடுக்கினீர்களே, அந்தப் பைக்கில் போகிறவரும் சாப்பிடுகிறவர்தானுங்க.

அப்புறம், ரோட்டால் லாபம் ரோட்டில் போகிறவனுக்கு மட்டும்தானா? ரோட்டை அகலப்படுத்தியதும் செங்கப்பள்ளி, கருமத்தம்பட்டிப் பக்கம் ரோட்டோரத்தில் இடம் வைத்திருந்தவர்களுக்கு என்ன விலை கிடைத்தது என்று உங்களுக்கே தெரியும். சைட் போட்டு விற்றவர் டோல் கேட்டைத் தாண்டாமலே சம்பாதித்தார். அவரிடம் எப்படி வாங்குவீர்கள்? வரியில்தான் வாங்க முடியும். டோலில் அவர் சிக்கவே மாட்டார், தினமும் லோடு அடிக்கிற டாடா ஏஸ்காரர்தான் சிக்குவார்.

"வரிப்பணத்தை வாங்கி வேறெதற்காவது செலவழித்துவிடுவார்கள்" என்றார் எதிரணி அண்ணன். நியாயமான பயம், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காகத்தானே 2000-லேயே மத்திய சாலை நிதிச் சட்டம் கொண்டுவந்து, டீசல், பெட்ரோலில் பிடிக்கும் செஸ் பணத்தை, அதாவது ஒரு வேலைக்கென்றே வாங்கும் கூடுதல் வரியை, ரோட்டுக்கென்று ஒதுக்கினார்கள்? 2018 பட்ஜெட்டில் சாலை, உள்கட்டமைப்பு செஸ் என்று லிட்டருக்கு 8 ரூபாய் வைத்தார்கள். அதிக தூரம் ஓடுகிற வண்டிக்கு அதிக டீசல், அதிக வரி. இதைவிட நியாயமாகப் பிரிக்க முடியுமா? பங்கில் ஒருமுறை ரோட்டுக்குக் கட்டிவிட்டு வந்தவனை மறுபடி கேட்டில் நிறுத்தி, ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் ஸ்கேன் ஆகவில்லை, கொஞ்சம் பின்னால் எடுங்கள் என்கிறார்கள், அவன் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிறது.

இந்த டோல் என்றைக்காவது நின்றதா? அதுதானுங்க என் பெரிய வருத்தம். வருசத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் விலைவாசி உயர்வில் ஒரு பங்கு என்று கட்டணம் ஏறிக்கொண்டே போகும். தேசிய நெடுஞ்சாலை டோலுக்கான 2008 விதியில் ஒரு நல்ல காரியம் இருந்தது, போட்ட முதல் திரும்பி வந்ததும் கட்டணத்தை 40 சதவீதமாகக் குறைக்கணும் என்று. 2023-ல் அதையும் திருத்தி, முழுக் கட்டணத்தையே தொடர்ந்து வாங்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். பராமரிப்புச் செலவு என்று உடனே சொல்வீர்கள். அதற்காகத்தானே அந்த 40 சதவீதம்? மீதி 60 சதவீதம் எந்த ரோட்டுக்கு? அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவர் இதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் மற்றதைப் பேசட்டுமுங்க.