முழங்கை மடங்கும் இடம்

நேயர்களுக்கு வணக்கம். மருந்து தயாரிப்பு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான். அடித்ததும் காய்ந்து, காயத்தின் மேல் மெல்லிய சவ்வுபோல் படிகிற கிருமிநாசினி ஸ்ப்ரேயைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்குக் கட்டுப் போட்டுவிடலாம். மறுநாள் அதைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் புதுத்தோலும் கூடவே வரும். துணி இல்லாமல் புண்ணை மூட ரொம்ப நாளாகவே முயன்றிருக்கிறார்கள். 1840-களின் கடைசியில் பாஸ்டனில் ஜான் பார்க்கர் மேனார்ட் என்ற மருத்துவ மாணவர், அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்துக் காயத்தில் பூசினார். கொலோடியன் என்று அதற்குப் பெயர். ஈதர் பறந்ததும் படலம் நின்றது. ஆனால் உலர உலரத் தோலைச் சுருக்கி இழுத்தது. பிற்பாடு அதில் கொஞ்சம் விளக்கெண்ணெயும் கற்பூரமும் சேர்த்தார்கள். படலம் வளைந்து கொடுத்தது.

இன்றைக்கும் எங்களுக்கு அந்த விளக்கெண்ணெய்க் கணக்குதான். கிருமியைக் கொல்லப் போவிடோன் அயோடின் இருக்கிறது, குளோர்ஹெக்சிடின் இருக்கிறது. மல்லுக்கட்டுவதெல்லாம் படலத்தோடுதான். படலமாக நிற்பதற்கு எத்தில் செல்லுலோஸ் போன்ற பாலிமரை, அதாவது நீள்சங்கிலி மூலக்கூறுப் பொருளை, ஆல்கஹாலில் கரைத்து, இளக்கத்துக்கு டிரை எத்தில் சிட்ரேட் சேர்ப்போம். அது குறைந்தால் முழங்கை மடங்கும் இடத்தில் படலம் வெடித்துவிடும். கூடினால் சட்டை ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் தகட்டில் அடித்து, ஐந்து நிமிடம் விட்டு, பஞ்சை லேசாக அழுத்தி எடுப்போம். பஞ்சு இழைகள் ஒட்டி நின்றால் அளவை மாற்றி மறுபடி முதலிலிருந்து.

பஞ்சு ஒட்டாவிட்டாலும் வேலை முடிவதில்லை. உறுதியான படலம் சில நேரம் மருந்தைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும். அதனால் படலத்தை வட்டமாக நறுக்கி, கிருமி பரப்பிய அகார் தட்டில் (கிருமி வளர்க்கிற கூழ்த் தட்டு) வைத்துவிட்டு மறுநாள் காலை திறந்து பார்ப்போம். சுற்றிலும் கலங்கலாகக் கிருமி படர்ந்திருக்க, நடுவில் தெளிந்த வளையம் விழுந்திருக்க வேண்டும். மருந்து படலத்தை விட்டு வெளியே வந்து கிருமியைத் தடுத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதைப் பார்க்கிற நாளில் மனசு நிறைந்துவிடும்.

ஆல்கஹால் சீக்கிரம் காயும். ஆனால் தோல் உரிந்த இடத்தில் சுரீரென்று எரியும். தண்ணீரில் கரையும் பாலிமரை எடுத்துத் தண்ணீரில் கரைத்தால் அந்த எரிச்சல் இல்லை, ஆனால் காய நேரமாகும். குழந்தைகளுக்கு என்றால் நேரமானாலும் தண்ணீரே மேல் என்பேன்.

புண் காற்றாடக் காய வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் செய்த ஆய்வில், படலம் மூடி ஈரம் காத்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. அதற்காக வியர்வையை அடைத்துவைக்கவும் கூடாது. நீராவி வெளியேறும் அளவையும் அளந்து பார்த்துத்தான் பாலிமரைத் தேர்ந்தெடுக்கிறோம்.

இந்த ஸ்ப்ரே மேலோட்டமான சிராய்ப்புக்கும் சின்ன வெட்டுக்கும் மட்டுந்தான். ஆல்கஹால் கலந்ததை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நாய் கடித்த இடத்தில் இதை அடித்து மூடவே மூடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, தடுப்பூசிக்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.