கடல்ல தோண்டின குழி தானா மூடிக்குமா? குவின்டே மணல் திட்டு சொல்ற பதில்

வணக்கம் மக்களே. ஆத்து மணலுக்குப் பதிலா கடல் மணல அள்ளலாமேன்னு பேச்சு வந்தாலே, கூடவே ஒரு வரி வரும்: "அங்க குழி விழுந்தா அலையும் நீரோட்டமும் சேந்து மூடிடும்." எல்லா இடத்துலயும் அப்படி நடக்காது. பெல்ஜியம் கடல்ல இருக்குற குவின்டே திட்ட எடுத்துக்குவோம். ஏன்னா அங்க தோண்டும்போதும் அளந்தாங்க, நிறுத்தின பிறகும் விடாம அளந்தாங்க.

மேப்பப் பாருங்க. இது பெல்ஜியத்தோட துறைமுக ஊர் ஆஸ்டெண்ட் பக்கம், வட கடல். தென்மேற்குலேர்ந்து வடகிழக்கா, விரல் விரலா கிடக்குதே, எல்லாமே தண்ணிக்குள்ள இருக்குற மணல் திட்டு. குவின்டே அதுல ஒண்ணு. நீளம் சுமார் 15 கிலோமீட்டர், அகலம் ஒண்ணுலேர்ந்து ரெண்டு கிலோமீட்டர், பக்கத்து பள்ளத்துலேர்ந்து உயரம் 10, 20 மீட்டர்.

இவ்வளவு மணல் கரையாம எப்படி நிக்குது? கடல் ஏறும்போது ஓட்டம் வடகிழக்கா போகும், வத்தும்போது தென்மேற்கா திரும்பும். நம்ம கடலோரத்துல நீவாடுன்னு சொல்றாங்களே, அதேதான். திட்டோட ஒரு பக்கச் சரிவுல ஏத்தத்து ஓட்டத்துக்கு பலம், மறு பக்கத்துல வத்தத்து ஓட்டத்துக்கு பலம். ஓட்டம் திட்டு மேல சாய்வா ஏறும்போது ஆழம் குறையுது, அடியில உராய்வு கூடுது, ஓட்டம் உச்சியப் பாத்து வளையுது. அதனால ரெண்டு பக்கத்துலேர்ந்தும் மணல் உச்சிக்கு ஏறுது. இருக்குற மணலே திட்ட சுத்திச் சுத்தி வருது. வெளியிலேர்ந்து புதுசா வந்து சேர்றது ரொம்பக் கம்மி. திட்டோட பெரும்பகுதி, பனியுகம் முடிஞ்சு கடல் மட்டம் ஏறின காலத்துல சேந்த பழைய இருப்பு. இந்த ஒண்ண மனசுல வெச்சுக்கோங்க.

இப்ப டிரெட்ஜர், அதாவது கடலடி மணல அள்ளுற கப்பல். கப்பல் மெதுவா ஓடிக்கிட்டே, பக்கவாட்டுல ஒரு குழாய இறக்கும். குழாய் நுனியில இருக்குற டிராக் ஹெட் தரைய உரசிக்கிட்டே போகும். பம்ப் மணலையும் தண்ணியையும் சேத்து உறிஞ்சி, ஹாப்பர்னு சொல்ற தொட்டியில கொட்டும். மணல் அடியில தங்கும், மேல நிக்குற தண்ணி வழிஞ்சு திரும்பக் கடலுக்கே போகும். ஒரு தடவை இழுத்தா விழுற தடம் ரெண்டு மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம்னு வைங்க. 3,000 கன மீட்டர் தொட்டி நிறைய 5 கிலோமீட்டர் இழுக்கணும். ஒரு தடம் ஒண்ணும் பண்ணாது, ஓட்டம் வேகமா இருந்தா சீக்கிரமே அழிஞ்சிடும். ஒரே இடத்துல வருஷக்கணக்கா இழுக்கும்போதுதான் சிக்கல் வருது.

ஏன் ஒரே இடத்துக்கே போனாங்க? இந்த ரெண்டு பாட்டில்களப் பாருங்க. இடது பக்கம் அரை மில்லிமீட்டர் பருமன்ல பரு மணல், வலது பக்கம் அதுல பாதிகூட இல்லாத நைஸ் மணல். ரெண்டுலயும் தண்ணி ஊத்திக் குலுக்குறேன். பாருங்க, பரு மணல் உடனே உக்காந்துடுச்சு. மத்தது இன்னும் கலங்கலாவே நிக்குது. கான்கிரீட்டுக்கு வேணும்னு தேடுறது இடது பாட்டில்ல இருக்குற மாதிரிதான். குவின்டேல அது கிடைச்சது, துறைமுகமும் பக்கம். வலது பாட்டில்ல கலங்கி நிக்குதே, அதுதான் ஹாப்பர்லேர்ந்து வழியிற தண்ணியோட போயிடும், அப்புறம் சுத்துப்பட்டுல படியும். அள்ளின இடத்துல மணலோட பருமனே மாறிப்போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பெல்ஜியத்துல கடல் மணல் எடுக்கிறது 1976-ல ஆரம்பிச்சது. 1996-லேர்ந்து கப்பல்கள்ல கறுப்புப் பெட்டி கட்டாயம். கப்பல் எங்க நிக்குது, பம்ப் ஓடுதா இல்லையான்னு அது பதிஞ்சுக்கிட்டே இருக்கும். 1999-லேர்ந்து மல்டிபீம் சோனார், அதாவது ஒலிய அனுப்பி ஆழம் பாக்குற கருவி வெச்சு கடல் தரைய அளந்தாங்க. திட்டோட நடு உச்சியில ஒரு பள்ளம் தெரிஞ்சது: ஒரு கிலோமீட்டர் நீளம், 700 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழம். அங்க சட்டம் அனுமதிச்ச ஆழமும் 5 மீட்டர்தான். 2003 பிப்ரவரியில அந்த இடத்த மூடினாங்க.

அதுக்குப் பிறகு வருஷா வருஷம் அளந்தும் பள்ளம் நிரம்பல. தரையில சின்னச் சின்ன மணல் அலைகள் மறுபடி உருவாச்சு, நகந்துச்சு. ஆனா மொத்த மணல் கூடல. வேற திட்டுகள்லயும் இதேதான்: தரை எவ்வளவு இறங்குச்சோ, அது கறுப்புப் பெட்டிக் கணக்குல எடுத்த மணலோட ஒத்துப்போச்சு. அதாவது எடுத்தது எடுத்ததுதான், ஈடுகட்ட எதுவும் வரல. உச்சியில பள்ளம் விழுந்ததும் அங்க ஆழம் கூடிடுது, உராய்வு குறையுது, ஓட்டத்துக்கு ஒரு புது வாசல் கிடைக்குது. மணல உச்சிக்கு ஏத்துன அமைப்பே அந்த இடத்துல குலையுது.

அளக்கும்போது ஒரு தப்பு அடிக்கடி நடக்கும். திட்டு மேல சில மீட்டர் உயரத்துக்கு மணல் அலைகள் இருக்கும், அதுங்க நகந்துக்கிட்டே இருக்கும். ஒரு கோட்ட மட்டும் எடுத்து ரெண்டு வருஷத்த ஒப்பிட்டா, போன வருஷம் பள்ளமா இருந்த இடத்துல இந்த வருஷம் மேடு நிக்கும். "பாத்தீங்களா, நிரம்பிடுச்சு"ன்னு சொல்லிடலாம். தயவுசெஞ்சு அதை நம்பாதீங்க. முழுப் பரப்போட கன அளவ கணக்குப் போடணும்.

உயிரினங்கள் கதை வேற. ஓடுற மணல்ல வாழுற புழுக்களும் சின்ன இறால் வகைகளும் ஆட்டத்துக்குப் பழகினதுங்க. அள்ளுறத நிறுத்தினா சில வருஷத்துல பெரும்பாலும் திரும்பி வந்துடும். பரு மணல் போய் நைஸ் மணல் தங்கின இடத்துல மட்டும், பழைய கூட்டத்துக்குப் பதிலா வேற கூட்டம் குடியேறும்.

கரை அரிக்குமான்னா, உடனே ஆமான்னு சொல்லிடக் கூடாது. திட்டு பெரிய அலைய உடைச்சு பலத்தக் குறைக்குது, உண்மை. ஆனா உச்சி எவ்வளவு ஆழத்துல இருக்கு, கரைக்கும் அதுக்கும் நடுவுல வேற திட்டு இருக்கான்னு பாத்துத்தான் சொல்லணும். குவின்டேக்கும் கரைக்கும் நடுவுல வேற திட்டுகள் இருக்கு.

எனக்கு ஆதங்கம் எதுலன்னா, குவின்டேய மூடின பிறகு கப்பல்கள் வேற திட்டுகளுக்குப் போச்சு. பாய்டன் ராட்டல்ங்கிற திட்டுல மறுபடி ஒரே இடத்துலயே இழுத்தாங்க. 5 மீட்டர் எல்லைய தாண்டி, 2015-ல அங்கயும் ஒரு பகுதிய மூட வேண்டியதாச்சு. குவின்டேலயே வடக்குப் பக்கம் இன்னொரு பள்ளம் விழுந்து 2010-ல மூடினாங்க. அதே அளவு மணல பரவலா, மெல்லிசா எடுத்திருந்தா உச்சி உடைஞ்சிருக்காது. கறுப்புப் பெட்டித் தகவல் கையிலயே இருந்துச்சு. எந்த இடத்துல தடம் நெருங்குதுன்னு மாசாமாசம் பாத்து, 2 மீட்டர்லயே கப்பல நகத்தியிருக்கலாம்.