பதினொன்றும் பன்னிரண்டும் சேருமிடம்

தலைமை தாங்கும் மிருதங்க வித்வான் அவர்களே, வாடகை வாங்காமல் அரங்கைத் தந்த சபாச் செயலாளர் அவர்களே, பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு என் பேச்சு முடியக் காத்திருக்கும் பொருளாளர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, கடைசிப் பேருந்துக் கவலையோடு கடைசி வரிசையில் இருப்பவர்களே, வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அமெரிக்க டிரம்மர் மிக்கி ஹார்ட் கற்றது, கூட்டியது, காத்தது என்று மூன்று பகுதியாகப் பேசுகிறேன்.

புரூக்ளினில் 1943-இல் பிறந்தவர். 1967-இல் கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவில் இரண்டாவது டிரம்மராகச் சேர்ந்தார். தபலா மேதை அல்லா ரக்காவிடம் போனபோதுதான் அவருக்குத் தாளத்தின் கணக்கு வழக்கு புரிந்தது. சித்திரமும் கைப்பழக்கம்! ஒரே காலப்பிரமாணத்தில் ஒருவர் பதினொன்று பதினொன்றாகவும் மற்றவர் பன்னிரண்டு பன்னிரண்டாகவும் வாசித்தால், 132 அட்சரம், அதாவது தட்டு, கழித்துத்தான் இருவருக்கும் சமம், சுற்று தொடங்கும் முதல் தட்டு, ஒன்றாக விழும்.

இங்கேயே போட்டுப் பார்ப்போம். இடப்பக்கத்தார் கையில் ஆதி தாளம், எட்டு. வலப்பக்கத்தார் வாயில் 'தகதிமி தகிட', ஏழு. ஆதி தாளம் ஏழு ஆவர்த்தனம், அதாவது ஏழு சுற்று, முடிந்து 56 அட்சரத்தில் சேர வேண்டும். இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே ஏழுக்காரர்கள் எட்டுக்குச் சரிந்துவிடுவீர்கள்; எதிர்ப்பக்கத்துக் கைத்தட்டல் இழுத்துவிடும். 'ஒன்று, இரண்டு' என்று எண்ணினால் சரிவு இன்னும் சீக்கிரம், சொல்லைப் பிடித்தால் தப்பலாம். ஐயா, வித்வான் அவர்கள் சிரிக்கிறார்கள், ஆகவே நிறுத்திக்கொள்வோம். சித்திரமும் கைப்பழக்கம்!

பல நாட்டுத் தாளக் கலைஞர்களை அவர் கூட்டியதை விரித்துச் சொல்ல நேரமில்லை. 1991-இல் வெளியான 'பிளானட் டிரம்' இசைத்தட்டில் ஜாகிர் உசேன், நைஜீரியாவின் ஒலதுஞ்சி, பிரேசிலின் ஐர்டோ, நம் கடம் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கென்று கிராமி விருது வைத்ததும் முதல் விருது அதற்குத்தான்.

காத்தது என்றேனே, அதற்காகத்தான் இந்த மேடை. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் தூங்கிய பழைய களப்பதிவுகளை எடுத்துச் சீராக்கி வெளியிட்டார் ஹார்ட். நம் வீட்டுப் பரண்களில் கச்சேரி ஸ்பூல் நாடாக்கள் கிடக்கின்றன. 1970, 80-களின் பாலியெஸ்டர் நாடாக்கள் சிலவற்றில், காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும். ஓட்டினால் கீச்சிடும், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பு அழுக்கு அப்பும். உடனே நிறுத்துங்கள், ஒவ்வொரு ஓட்டத்திலும் இசைதான் உரிகிறது. சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் சீராகச் சூடேற்றி, ஆறவிட்டுப் பதிவெடுக்கலாம். வீட்டு அடுப்பில் வேண்டாம், சூடு நிலையாக நிற்காது. அதற்கு முந்திய அசிடேட் நாடாவைச் சூட்டருகே கொண்டுபோகவே கூடாது. சுருளை விளக்கெதிரே பிடித்தால் ஒளி ஊடுருவும், அதை வைத்து அடையாளம் காணலாம். பதிவு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பாக இருக்கட்டும். எம்பி3 மட்டும் போதும் என்பவரை நம்பாதீர்கள்.

வாசலில் படிவம் வைத்திருக்கிறோம். நாடாப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை எழுத்துப் பிழையோடு அப்படியே நகலெடுத்துத் தாருங்கள். பொருளாளர் ஐயா, பொன்னாடைக்கு வைத்த பணத்தையும் இந்த நாடாக்களைக் காக்கும் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.