அழகர்மலைக்குப் போன உப்பு

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, பாய் விரித்து உட்கார்ந்து கேட்கும் மதுரைச் சனங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ரஷ்யாவின் சைபீரியக் காட்டில் ஊரை விட்டுத் தனித்து வாழ்ந்த லிகோவ் குடும்பம் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா என்பது தலைப்பு. இழந்ததே அதிகம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கார்ப் லிகோவ் ஓடியது தப்பில்லை. பழைய சடங்குகளை விடாத கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். கண்ணெதிரே உடன்பிறந்தவரைக் கம்யூனிஸ்ட் ஆட்சியின் ரோந்துக்காரர்கள் சுட்டார்கள். 1936-ல் மனைவி அக்குலினாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார். உயிருக்குப் பயந்து ஓடியவரை இந்த மேடையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே பட்டபாட்டை வரவுக் கணக்கில் எழுதாதீர்கள் என்றுதான் வாதாடுகிறேன். பக்கத்து ஊருக்கே 250 கிலோமீட்டர். 1978-ல் ஹெலிகாப்டரில் போன நிலவியலாளர்கள் கண்ணில் அவர்கள் தோட்டம் படும்வரை, இரண்டாம் உலகப்போர் நடந்ததே அவர்களுக்குத் தெரியாது.

எதிரணி அண்ணன் சொன்னார்: 'நம்ம சமண முனிவர்கள் மலையில் தனித்து வாழவில்லையா? அவர்கள் என்ன இழந்தார்கள்?' நல்ல கேள்வி. அழகர்மலைக் குகைக்கு வாருங்கள் அண்ணே. கல்லில் தமிழி எழுத்தில் பேர் வெட்டியிருக்கிறது. யார் பேர்? உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன். கொழு என்றால் ஏர்முனை இரும்பு, அறுவை என்றால் துணி. ஏறத்தாழ 2000 வருடத்துக்கு முந்தின எழுத்து. முனிவர் படுக்கக் கொடை கொடுத்தவர்கள் நம்மைப் போல் சந்தையில் யாவாரம் பண்ணினவர்கள். துறவி மலைமேல் இருந்தார், ஊர் அடிவாரத்தில் இருந்தது. பிச்சைப் பாத்திரம் தினமும் அந்த ஊரைப் பார்த்துத்தான் நீண்டது.

லிகோவ் குடும்பத்துக்கு அந்த உப்பு வணிகன் கிடையாது. நாற்பது வருடம் உப்பில்லாமல் இருந்ததுதான் உண்மையான சித்திரவதை என்று கார்ப் பிற்பாடு சொன்னார். நிலவியலாளர்கள் கொண்டுபோன பொருள்களில், முதலில் அவர்கள் சம்மதித்து வாங்கிக்கொண்டது உப்பு ஒன்றைத்தான்.

அப்புறம் விதை. எனக்குப் பேரையூர்ப் பக்கம், மானாவாரிப் பூமி. எங்கள் அப்பத்தா குலுக்கையில் குதிரைவாலி விதையைச் சாம்பல் கலந்து மூடி வைத்திருப்பாள். ஒரு வருடம் பூச்சி விழுந்து அவ்வளவும் பொடியாகிவிட்டது. சீலை முந்தியை ஏந்திக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனாள், அரைமரக்கால் விதையோடு திரும்பி வந்தாள். மறு அறுப்பில் திருப்பிக் கொடுத்தாள். எங்களுக்கு அது ஒரு விசேசமே இல்லை, கைமாற்று.

இப்போது அந்தக் காட்டுக்குப் போவோம். ஒரு ஜூன் மாதம் பனி கொட்டித் தோட்டம் முழுக்கக் கருகிப்போனது. செருப்புத் தோலையும் மரப்பட்டையையும் தின்றார்கள். 1961-ல் அக்குலினா பிள்ளைகள் தின்னட்டும் என்று தன் வயிற்றைக் காயப்போட்டுப் பட்டினியால் செத்தாள். கம்பரிசியில் விதைக்குக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. நம் கம்பு இல்லை, குளிர்நாட்டுத் தானியம், ரை என்பார்கள். பட்டாணிப் பாத்தியில் தப்பி விழுந்த ஒரே ஒரு மணி முளைத்தது. அந்த ஒற்றைத் தாளைச் சுற்றி வேலி கட்டி, எலியும் அணிலும் கடித்துவிடாமல் இரவும் பகலும் குடும்பமே காவல் இருந்தது. கதிர் முற்றியதும் உதிர்த்து எண்ணினார்கள். 18 மணி. அந்தப் பதினெட்டிலிருந்து மறுபடி வெள்ளாமையை உண்டாக்கினார்கள்.

கேட்கும்போது எனக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அந்த உழைப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் ஒரு மேலத்தெரு இருந்திருந்தால் அந்தத் தாய் செத்திருக்க மாட்டாளே!

பிள்ளைகளைப் பாருங்கள். திமித்ரி பிறந்தது 1940, அகஃபியா பிறந்தது 1944. இரண்டு பேரும் காட்டிலேயே பிறந்தவர்கள். வீட்டாரைத் தவிர வேறு மனித முகத்தை அவர்கள் முதலில் பார்த்தபோது திமித்ரிக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கும் அதுவரை கல்யாணம் இல்லை. பெண் கேட்டுப் போக ஒரு வாசல் வேண்டாமா? அப்பாவின் நம்பிக்கை அப்பாவுடையது, சரி. திமித்ரியிடம் யாரும் கேட்கவில்லையே. 1981-ல் சில மாதங்களுக்குள் மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள்.

'அகஃபியா இன்னமும் அங்கேதானே இருக்க விரும்பினார்' என்றார் அக்கா. உண்மை. 1988-ல் அப்பா இறந்த பிறகும் அவர் ஊருக்குக் குடிவரவில்லை. ஆனால் தனியாகவா இருந்தார்? நிலவியல் வேலை பார்த்த ஒருவர் பக்கத்திலேயே குடிசை போட்டுப் பல வருடம் இருந்தார். மாவும் மருந்தும் ஹெலிகாப்டரில் போயின. அக்கா, அழகர்மலைக் குகைக்கு உப்புப் போனது போலத்தான் அது.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்புக் குறிப்பில் அந்த 18 மணியை எதிரணி வரவில் எழுதப் பார்ப்பார்கள். எழுதட்டும். பக்கத்திலேயே திமித்ரி பேரையும் எழுதிக்கொள்ளுங்கள். அத்தனை வயது வரைக்கும் அவனுக்கு ஒரு சேக்காளி கிடையாது.

வணக்கம்.