செவிலியர் ஏன் விலகுகிறார்: டூட்டி அட்டவணையைக் கொஞ்சம் பாருங்கள்

[காட்சி: இரவு எட்டரை மணி, மருத்துவமனை வார்டு]

வணக்கம். மாலை ஷிஃப்ட் எட்டு மணிக்கே முடிந்திருக்க வேண்டும். ஆனாலும் அந்தச் செவிலியர் இன்னும் படுக்கை படுக்கையாக நின்று, எந்த டிரிப் எப்போது முடியும், நாளைக் காலை யாருக்கு அறுவை சிகிச்சை, யார் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்றெல்லாம் இரவுப் பணிக்கு வந்தவரிடம் ஒப்படைத்துக்கொண்டிருக்கிறார். கைப்பையில் அலைபேசி இரண்டு முறை அதிர்ந்து அடங்குகிறது. வீட்டில் குழந்தை இந்நேரம் பாட்டியின் மடியில் தூங்கியிருக்கும். இந்த அரை மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

செவிலியர்கள் ஏன் நிலைப்பதில்லை என்று கேட்டால், வளைகுடாவிலும் பிரிட்டனிலும் சம்பளம் அதிகம் என்று நிர்வாகங்கள் சொல்வது வழக்கம். அது உண்மையே. ஆனால், குறைந்த சம்பளத்துக்குப் பக்கத்துத் தெருக் கிளினிக்கில் சேர்ந்துவிடுகிறவர்களையும், வேலையே வேண்டாமென்று வீட்டோடு இருந்துவிடுகிறவர்களையும் அந்தப் பதில் கணக்கில் கொள்வதில்லை.

[காட்சி: எண்கள் திரையில் தோன்றுகின்றன]

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, லிண்டா எய்க்கன் தலைமையிலான குழு 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அவர் பணியால் சோர்ந்து துவளும் வாய்ப்பு 23 சதவீதமும், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் உயர்வதை அந்த ஆய்வு காட்டியது. சோர்வும் அதிருப்தியும் மிகுந்த செவிலியர்களில் 43 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் வேலையை விட எண்ணியிருந்தனர். இவ்விரண்டும் இல்லாதவர்களிடையே அது 11 சதவீதம்தான். ஒருவர் விலகினால் அவருடைய நோயாளிகள் மிஞ்சியவர்களின் பொறுப்பில் விழுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே வார்டில் அடுத்தடுத்து ராஜினாமாக் கடிதங்கள் வருவதன் காரணம் விளங்கும்.

இந்தியாவில், உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. விடுப்பும் பணி நேரமும் அரசுச் செவிலியர்களுக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும் அது சொன்னது. ஊதியத்தைப் பற்றிய பேச்சு அடிபடும் அளவுக்கு, இந்த இரண்டாவது பகுதி பேசப்படுவதில்லை.

[காட்சி: சுவரில் ஒட்டிய டூட்டி அட்டவணை]

இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்பும் நாளையே வார விடுப்பாக, அதாவது 'ஆஃப்' ஆகக் கணக்கிடும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு வீடு சேர்ந்து, சமைத்து, மதியம் வரை அரைத்தூக்கம் தூங்கி எழுந்தால் அந்த ஆஃப் முடிந்துவிடுகிறது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மீண்டும் வார்டு. இதை ஓய்வு என்று எழுதுவது அநியாயம். இரவுப் பணித் தொகுதி முடிந்ததும் தூங்குவதற்கு ஒரு நாளும், அதற்கு மேல் முழுதாக ஒரு விடுப்பு நாளும் கொடுக்க வேண்டும். அட்டவணையை ஒரு மாதம் முன்பே வெளியிட வேண்டும். 'நாளைக்கு மார்னிங் வந்துடுங்க சிஸ்டர்' என்று இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வராமலிருக்க, திடீர் விடுப்புகளை ஈடுகட்டுவதற்கென்றே சில செவிலியர்களைத் தனியே நியமிக்க வேண்டும். ஒப்படைப்புக்கான அரை மணி நேரத்தையும் பணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். இவற்றுக்கெல்லாம் செலவாகும் என்பது உண்மை. அனுபவமுள்ள ஒருவரை இழந்து, புதியவரைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுப்பதற்கும் செலவாகத்தான் செய்கிறது.

50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதை 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் கொண்டுவந்தது. மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும் காப்பகம் மாலை ஷிஃப்ட் தாய்க்கு உதவாது. மருத்துவமனையில் அது ஷிஃப்ட் நேரத்துக்கு ஏற்பத் திறந்திருக்க வேண்டும்.

இதைப் பார்க்கும் நிர்வாகிகள், சென்ற ஆறு மாத அட்டவணைகளை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராக இரவுப் பணிகளையும் ரத்தான விடுப்புகளையும் எண்ணி எழுதி, பக்கத்தில் ராஜினாமாத் தேதிகளை வைத்துப் பாருங்கள். அந்தத் தாளை நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் கொடுத்து, அடுத்த மாத அட்டவணையை அவரோடு உட்கார்ந்து போடுங்கள்.