கோயிலை ஒட்டிய இரண்டு அறைகள்

நேயர்களுக்கு வணக்கம். பங்குப் பள்ளி, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்க சமூகம் நடத்தும் பள்ளி ஒன்றின் வரலாற்றை எழுதச் சொன்னால், கட்டடம் எந்த வருடம் எழும்பியது, எந்த ஆயர் வந்து ஆசீர்வதித்தார், அடுத்த மாடி எப்போது வந்தது என்றுதான் நாம் எழுதி வைக்கிறோம். அதுவும் வேண்டும்தான். ஆனால் நான் முதலில் தேடுவது வேறு: அங்கே படித்த ஏழைப் பிள்ளையின் செலவை யார் ஏற்றார்கள்?

இது பழைய கேள்வி. 529-இல் பிரான்சின் வேசோன் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், பங்குக் குருக்கள் கோயிலில் மறைநூல் வாசிக்கும் இளைஞர்களைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கச் சொன்னது. அது அடுத்த குருக்களை உருவாக்கத்தான். 1179-இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் இன்னும் ஒரு படி போய், ஒவ்வொரு பேராலயமும் ஓர் ஆசிரியரின் பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும், ஏழை மாணவர்கள் அவரிடம் இலவசமாகப் படிக்க வேண்டும் என்றது.

எழுதி வைப்பது எளிது, நடத்துவதுதான் கஷ்டம். 1597-இல் ரோமின் திராஸ்தேவரே பகுதியில், சாந்தா தொரொத்தேயா பங்கில், அந்தப் பங்குத்தந்தை கொடுத்த இரண்டு அறைகளில் ஸ்பெயினிலிருந்து வந்த குரு ஜோசப் கலசன்ஸ் கட்டணமில்லாப் பள்ளியைத் தொடங்கினார். தெருவில் திரிந்த பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் மறைக்கல்வியும். பள்ளி வளர்ந்தது, ஒரு துறவற சபையே உருவானது. அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? 1646-இல், அவர் தொண்ணூறை நெருங்கும் வயதில், திருத்தந்தையின் ஆணையால் அந்தச் சபை கலைக்கப்பட்டது போலவே ஆனது. இரண்டு வருடத்தில் இறந்தும் போனார். சபை மறுபடி எழுந்தது 1656-இல். 1948-இல் அவரையே சாதாரண மக்களுக்கான கிறிஸ்தவப் பள்ளிகளின் பாதுகாவலராகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

அமெரிக்காவில் 1884-இல் பால்டிமோர் சங்கம், இரண்டு வருடத்துக்குள் பங்குதோறும் பள்ளி வேண்டும் என்று ஆணையிட்டது. சரி, பாடம் நடத்த ஆள்? அருட்சகோதரிகள்தான் வந்தார்கள். மிகச் சிறிய ஊதியம், அதுவும் மடத்துக்கு. 1960-களுக்குப் பிறகு அவர்களின் எண்ணிக்கை குறைந்து, முழுச் சம்பளம் கொடுக்கவேண்டி வந்தபோது கட்டணம் ஏறியது, பள்ளிகள் வரிசையாக மூடப்பட்டன. அத்தனை காலம் செலவைச் சுமந்தது யார் என்று அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

ஆகவே, உங்கள் பங்குப் பள்ளியின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள், அடிக்கல்லைப் படம் எடுப்பதற்கு முன்னால் பழைய கணக்குப் புத்தகத்தையும் மடத்தின் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். முதல் வகுப்புக்குப் பாடம் சொன்ன சகோதரியின் பெயர் அதில்தான் இருக்கும்.