பட்ட கொப்பில் ஊசி இறங்கும் நேரம்

சபையோருக்கு வணக்கம். முதலில் ஒரு பயத்தைத் தெளிவித்துவிடுகிறேன். பட்ட மாங்கொப்பில் நீண்ட வாலோடு ஊரும் மெல்லிய குளவியைக் கண்டதும் பலர் விளக்குமாற்றைத் தேடுகிறார்கள். அது கூட்டைக் காக்கும் குளவியல்ல, துரத்திக் கொட்டாது. கையால் பிடித்தால் குத்தப் பார்க்கும், அவ்வளவுதான். அந்த வால் முட்டையிடும் ஊசி. அதை மரத்துக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் வண்டுப்புழுவைக் குறிவைத்து முட்டையிடும். அந்தக் காட்சியை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

எந்த மரத்தடியில் நிற்பது? நம் மட்டக்களப்பு மாரி மரத்தூளையெல்லாம் கழுவிவிடும். மழை ஓய்ந்து பட்டை காய்ந்தபின் போங்கள். கஜு, மா போன்றவற்றின் பட்ட கொப்பின் கீழே வெளிறிய புதுத்தூள் கிடந்தால் உள்ளே வண்டுப்புழு அரிக்கிறது. தூள் கறுத்து, துளையில் சிலந்தி வலை படிந்திருந்தால் புழு வண்டாகிப் போய்விட்டது. அங்கே காத்திருப்பது வீண். முசுறு ஓடும் கொப்பையும் விடுங்கள்.

குளவி வந்ததும் 1 மீற்றர் தள்ளி நில்லுங்கள். நிழல் கொப்பில் விழக்கூடாது, மரத்தில் சாயவும் கூடாது. உணர்கொம்புகளால் பட்டையைத் தட்டித் தடவி நடக்கும். மணமும் அதிர்வும் அதற்குத் துப்பு. பிறகு வயிற்றை உயர்த்தி ஊசியைச் செங்குத்தாக நிறுத்தும். இந்த நேரத்தில்தான் கமெராவை நீட்டிக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். பாதி ஊசியாவது இறங்கட்டும். அதன்பின் சட்டென உருவ முடியாது. 10 மடங்கு கைவில்லையோடு மெல்லக் கிட்டப் போகலாம். ஊசியின் இரு உறைகள் மரத்துக்குள் போகாது, வெளியே வளைந்து நிற்கும். அதைக் கண்டு ஊசி இறங்கவில்லை என்று ஏமாறாதீர்கள்.

மயிர் போன்ற ஊசி மரத்தை எப்படித் துளைக்கிறது? துரப்பணம்போல் சுற்றுவதில்லை. அது 3 துண்டு: மேலே ஒன்று, அதில் தண்டவாளம்போல் பொருந்திச் சறுக்கும் இரண்டு கீழே. தென்னை ஏறுகிறவரை நினையுங்கள்: கை பிடித்திருக்கக் கால் ஏறும், கால் பிடித்திருக்கக் கை ஏறும். கீழ்த்துண்டுகளும் அப்படித்தான், நுனிப்பல்லால் ஒன்று பற்ற மற்றது முன்னேறும். சில இனங்களில் நுனியில் துத்தநாகமோ மங்கனீசோ சேர்ந்து கடினமாகியிருக்கிறது. முட்டை நீண்டு நெளிந்து அந்த ஒடுங்கிய வழியால் இறங்கும்.

இவ்வகைக் குளவிகளில் பல, முட்டையிடுமுன் நஞ்சேற்றிப் புழுவை முடக்கும். முடங்கிய புழு அரிக்காது, தூளும் விழாது. ஆகவே கொப்பை உடனே பிளக்க வேண்டாம். குத்திய இடத்தைப் பென்சிலால் குறித்து, கீழே வெள்ளைத்தாள் விரித்து ஒரு வாரம் பாருங்கள். தூள் நின்றிருந்தால் குத்து பலித்திருக்கலாம். தொடர்ந்து கொட்டினால் ஊசி தவறியிருக்கிறது, அல்லது பக்கத்தில் இன்னொரு புழு இருக்கிறது.